தங்கை தனியாக வெளிநாடு போகிறாள்: பெப்பர் ஸ்பிரே, விசில் தவிர வேறென்ன?

கரைவழி
என் தங்கை ஆய்வுப் பணிக்காக வெளிநாடு போகிறாள். முதலில் பல்கலைக்கழக விடுதி, அப்புறம் களப்பணி, நடுவில் பக்கத்து நாடுகளுக்குத் தனியாகப் போய்வரும் எண்ணமும் இருக்கிறது. எந்த நாடு என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. வீட்டில் எல்லோரும் பெட்டியின் எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு விஷயம்: பாலியல் தாக்குதல். அவளிடம் நேரில் பேசக் கூச்சமாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். பெப்பர் ஸ்பிரே, விசில், இருட்டிய பிறகு வெளியே போகாதே, ஆண்களோடு தனியாக இருக்காதே, மதுவைத் தொடாதே, விரலில் மோதிரம் போட்டுக்கொண்டு திருமணமாகிவிட்டது என்று சொல். இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது?

பாதரசம்
நண்பரே, உங்கள் பட்டியல் முழுவதும் ஒரே ஓர் ஆளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இருட்டுச் சந்தில் பதுங்கி நிற்கும், முன்பின் தெரியாதவன். அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாலியல் தாக்குதல் செய்பவர்களில் பெரும்பாலோர் பாதிக்கப்பட்டவருக்கு ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள். பயணத்தில் இந்த அறிமுகம் சில மணி நேரத்திலேயே உண்டாகிவிடுகிறது. சுற்றுலா வழிகாட்டி, தங்கும் வீட்டின் உரிமையாளர், மசாஜ் செய்பவர், களப்பணியில் ஒரே ஜீப்பில் வரும் மூத்த ஆய்வாளர், விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் சக பயணி. இவர்களைப் பார்த்து யாரும் விசில் ஊத மாட்டார்கள்.

அவன் பெரும்பாலும் ஏதாவது உதவி செய்தவனாக இருப்பான். பெட்டியைத் தூக்கித் தந்திருப்பான், மொழி தெரியாத இடத்தில் பேசி உதவியிருப்பான். பிறகு அறைக்குள் எட்டிப் பார்ப்பான், தோளில் கை வைப்பான். ‘இவ்வளவு செய்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல் எப்படிச் சொல்வது’ என்று அவள் தயங்குவாள். அவனுக்கு வேண்டியது அந்தத் தயக்கம்தான்.

இதைச் சும்மா சொல்லவில்லை. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2015இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மூன்று மணி நேர வகுப்புகள் நான்கு நடத்தினார்கள். தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பது, மரியாதை பார்க்கும் மனத்தடையை உடைப்பது, வாயாலும் உடலாலும் எதிர்ப்பது ஆகியவைதான் பாடம். மற்றப் பிரிவினருக்குத் துண்டறிக்கைகள் கொடுத்ததோடு சரி. ஓராண்டில் வல்லுறவுக்கு ஆளானோர் துண்டறிக்கை பெற்ற பிரிவில் 9.8 சதவீதம், வகுப்புக்குப் போன பிரிவில் 5.2 சதவீதம். ‘இருட்டில் போகாதே’ என்ற வகைப் பாடம் அல்ல அது.

குறுக்குக்கேள்வி
அதற்காக இருட்டில் தாராளமாகப் போகலாம் என்கிறீர்களா? இந்த மாதிரி இழைகளில் ஜாக்கிரதை என்று யாராவது வாயைத் திறந்தாலே, பாதிக்கப்பட்டவர் மேல் பழி போடுகிறாய் என்று பாய்கிறார்கள். வீட்டுக்குப் பூட்டுப் போடச் சொன்னால் திருடனுக்குப் பரிந்து பேசுவதாக அர்த்தமா?

பாதரசம்
பூட்டுப் போடுங்கள். ஆனால் வீட்டுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவனைப் பற்றியும் பேசுங்கள் என்கிறேன். மேலும், நடப்பதற்கு முன் சொன்னால் அது எச்சரிக்கை. அதையே நடந்த பிறகு சொன்னால் குற்றச்சாட்டு. நம் வீடுகளில் இரண்டும் ஒரே குரலில் வருவதுதான் சிக்கல்.

வாய்தா
வழக்கறிஞன் என்பதால் சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். நான் எழுதுவது பொதுவான தகவல். போகும் நாட்டின் சட்டத்தை அந்த நாட்டு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் அந்த பெப்பர் ஸ்பிரே. பிரிட்டனில் அது 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்ட ஆயுதம். கனடாவிலும் மனிதர்மேல் அடிக்கச் செய்யப்பட்ட ஸ்பிரேவை வைத்திருப்பது குற்றம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவும் முடியாது. தற்காப்புக்கு வாங்கித் தந்த பொருளால் உங்கள் தங்கை விமான நிலையத்திலேயே காவல்துறைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. கூச்சலிடும் சிறிய அலாரக் கருவிக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது இதைவிட முக்கியம். புகார் கொடுப்பவரையே குற்றவாளியாக்கும் சட்டங்கள் சில நாடுகளில் இருக்கின்றன. 2013இல் துபாயில் வேலை விஷயமாகத் தங்கியிருந்த நார்வே நாட்டுப் பெண் ஒருவர், தன்னை ஒருவர் வல்லுறவு செய்துவிட்டதாகக் காவல்துறையிடம் போனார். திருமணத்துக்கு வெளியே உறவு கொண்டது, மது அருந்தியது போன்ற குற்றங்களுக்காக அவருக்கே 16 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். உலகமே கூச்சல் போட்ட பிறகு மன்னிப்பு அளித்து விடுவித்தார்கள். அங்கே சட்டம் பிறகு ஓரளவு மாறியது. ஆனால் திருமணத்துக்கு வெளியேயான உறவைக் குற்றமாக்கும் நாடுகள் இன்றும் உள்ளன. ஆகவே போகும் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் கிளம்பும் முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை தேடட்டும். புகார் செய்தால் அவள்மீதே வழக்கு வருமா? புகார் கொடுக்காமலேயே தடயப் பரிசோதனை செய்துகொள்ள முடியுமா? சிகிச்சைக்குப் போனால் மருத்துவர் கட்டாயம் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை வேறு. அமெரிக்காவில் காவல்துறைக்குப் போகாமலே, கட்டணமும் இல்லாமல் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். பிரிட்டனில் இதற்கென்றே உள்ள மையங்களுக்கு நேராகப் போகலாம். தடயங்களைப் பத்திரப்படுத்திவைக்கச் சொல்லிவிட்டு, புகாரைப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம். வேறு பல நாடுகளில் காவல்துறையின் கடிதம் இல்லாமல் மருத்துவர் தொடவே மாட்டார்.

புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருப்பேன் என்று சொல்லலாம். எத்தனை முறை அவசரப்படுத்தினாலும் அதையே திரும்பச் சொல்ல வேண்டும்.

வார்டு எண் ஏழு
செவிலியாகப் பல காலம் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். இந்தப் பேச்சில் எல்லோரும் ‘நடக்காமல் இருக்க’ என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். நடந்துவிட்டால் முதல் மூன்று நாள் என்ன செய்வது என்று ஊருக்குக் கிளம்பும் எவருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. பெப் என்று சொன்னால் அநேகமாக எந்த நாட்டு மருத்துவருக்கும் புரியும். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்றாம் நாள் மாலை வரை அவகாசம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. தொடர்ந்து 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையை 72 மணி நேரத்துக்குள், யூலிப்ரிஸ்டல் வகையை 120 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். காப்பர் டி ஐந்து நாள் வரை பொருத்தலாம். மூன்றிலும் அதுவே அதிகப் பலன் தருவது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கிளம்புமுன் ஆரம்பித்துவிடலாம்.

தடயம் பற்றி: முடிந்தால் பரிசோதனைக்கு முன் குளிக்காமல், பல் தேய்க்காமல், உடை மாற்றாமல் இருப்பது நல்லது. உடை மாற்றத்தான் வேண்டும் என்றால் கழற்றியதை ஒவ்வொன்றாகக் காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடித்துவிடும், தடயம் கெட்டுப்போகும். மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீரையே சுத்தமான பாட்டிலில் பிடித்து வைக்க வேண்டும். ஜி.எச்.பி. போன்ற மருந்து சிறுநீரில் ஏறக்குறைய 12 மணி நேரம்தான் தெரியும், ரத்தத்தில் இன்னும் குறைவு.

இதைப் படித்துவிட்டு ‘ஐயோ, குளித்துவிட்டேனே’ என்று யாரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. குளித்த பிறகும் தடயம் கிடைப்பதுண்டு. தடயமே கிடைக்காவிட்டாலும் மருந்து வேண்டும். புகார், நீதிமன்றம் எல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கும் அந்த மருந்து வேண்டும்.

கரைவழி
மிக்க நன்றி. படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைகிறது, ஆனாலும் தெரிந்துகொள்வதுதான் நல்லது. அந்த மாத்திரையை இங்கேயே வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா? கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

வார்டு எண் ஏழு
அவசரக் கருத்தடை மாத்திரையைக் கொண்டுபோகலாம். போகும் நாட்டில் அதற்குத் தடை உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோண்டுராஸில் 2009 முதல் 2023 வரை அதற்கு முழுத் தடையே இருந்தது. அட்டையைப் பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு வைத்திருக்கட்டும். வலிப்பு நோய்க்கான சில மருந்துகளும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். பெப் மருந்தைக் கையில் கொண்டுபோவதைவிட, போகும் ஊரில் எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று விசாரித்து வைப்பதே பெரும்பாலோருக்கு நடைமுறை.

மாத்திரையை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. அவள் பெரியவள், அவளே வாங்கிக்கொள்வாள். இந்த இழையை மட்டும் அவளிடம் கொடுங்கள்.

நடைமேடை
ஆண்களுக்கும் இது நடக்கிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நடந்தது. இரவு ரயிலில், சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டு, குடும்பப் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டு வந்த ஒருவர். விவரம் எழுதப் போவதில்லை.

ஒன்றை மட்டும் எழுத வேண்டும். நான் ஆறடி உயரம், உடற்பயிற்சி செய்பவன். அன்றைக்கு என் கை அசையவில்லை, தொண்டையிலிருந்து சத்தமும் வரவில்லை. ‘சும்மாதானே படுத்திருந்தாய்’ என்று நானே என்னைப் பல காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் படித்தேன். ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்கு ஆளாகி அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் உடல் குறிப்பிடத்தக்க அளவுக்கு உறைந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த உறைவு உடலே செய்வது, நம் முடிவு அல்ல. தற்காப்பு வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் கராத்தே கற்றும் அசைய முடியாமல் போனவர் இரட்டிப்பாக வெட்கப்படுவார்.

தன்பாலின உறவைக் குற்றமாக்கும் நாடுகளில் ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பற்றிப் புகார் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதை வாய்தா சொன்ன மூன்று கேள்விகளோடு சேர்த்துப் பாருங்கள்.

பாதரசம்
எழுதியதற்கு நன்றி, நடைமேடை. யாரும் உங்களிடம் விவரம் கேட்கப் போவதில்லை.

சரக்குக்கப்பல்
கப்பலில் வேலை பார்க்கிறேன். பயணக் கப்பல், விமானம் இரண்டிலும் எந்த நாட்டுக் காவல்துறையிடம் போவது என்ற குழப்பமே பலரை வாயடைக்கச் செய்துவிடுகிறது. நடுக்கடலில் பொதுவாகக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் பெரிய பயணக் கப்பல்களுக்கு 2010இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அறைக் கதவில் வெளியே பார்க்கும் துளை, தடயம் சேகரிக்கும் கருவிப்பெட்டி, தொற்றுத் தடுப்பு மருந்து எல்லாம் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். கப்பல் மருத்துவரிடம் கேட்க உரிமை உண்டு.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தொட்டால், தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு இறங்கும்வரை பொறுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். உடனே பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். இடம் மாற்றச் சொல்லுங்கள், எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள், தரையிறங்கும்போது காவல்துறை வர வேண்டும் என்று கேளுங்கள். இறங்கி எல்லோரும் கலைந்த பிறகு சாட்சியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

மட்டுறுத்துநர்
இதற்கு முன் வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். உடையைப் பற்றியது. உள்ளூர் உடை மரபைத் தெரிந்துகொண்டு போவது பற்றி எழுதலாம். ‘இப்படி உடுத்தினால் அப்படித்தான் நடக்கும்’ என்று எழுதினால் நீக்குவோம். விவாதம் தொடரட்டும்.

குறுக்குக்கேள்வி
நீக்கியது என் பதிவு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லோரும் என்னைத்தான் நினைப்பீர்கள்.

மதுவைப் பற்றி ஒன்று. கோப்பையில் எதையாவது கலந்துவிடுவான் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கலப்பதும் நடக்கிறது. ஆனால் இந்தக் குற்றத்தில் மிக அதிகமாகப் பயன்படும் போதைப்பொருள் சாராயம்தான். ‘இன்னும் ஒரு கோப்பை’ என்று சிரித்துக்கொண்டே ஊற்றுபவன் பொடி எதுவும் கலக்க வேண்டியதில்லை. குடித்த அளவுக்குப் பொருந்தாமல் தலை சுற்றினால், அறைக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று முதலில் முன்வருபவரோடு போகக் கூடாது. கடை ஊழியரிடம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ‘ஏஞ்சலா இருக்கிறாரா’ என்று மதுக்கூட ஊழியரிடம் கேட்டால் உதவி தேவை என்று பொருள். 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவிய ஏற்பாடு அது. போகும் ஊரில் இப்படி ஏதாவது உண்டா என்று பார்த்து வைக்கலாம்.

பாதரசம்
இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அறை பற்றி என் வழக்கம். வரவேற்பில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை கேட்பேன், எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்வேன். பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு இருந்தால் பூட்டை ஆட்டிப் பார்ப்பேன். ‘குழாய் பழுது பார்க்க வந்திருக்கிறேன்’ என்று யாராவது தட்டினால், கதவைத் திறக்காமல் வரவேற்புக்குப் போன் செய்து கேட்பேன். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று எப்போதும் பையில் இருக்கும். அது உள்பக்கமாகத் திறக்கும் கதவுக்கு மட்டும்தான் பயன்படும். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதில் அர்த்தமில்லை.

கைபேசி: அவசர எண் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. ஜப்பானில் காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. பக்கப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்பு போகும் வசதி பெரும்பாலான கைபேசிகளில் உண்டு. அதை இங்கேயே இயக்கி வைத்துவிட்டுப் போகட்டும். வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடம் பகிர்ந்தால் அதிகபட்சம் எட்டு மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். புள்ளி நகரவில்லையே என்று வீட்டில் அலறாதீர்கள்.

கரைவழி
அலறுகிற ஆள்தான் நான். ஏற்கெனவே சொல்லிவிட்டேன்: தினமும் இரவு ஒன்பதுக்குள் அறையில் இருக்க வேண்டும், வீடியோ அழைப்பில் அறையைக் காட்ட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் அடுத்த விமானத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். கடுமைதான். ஆனால் உயிரோடு விளையாட முடியுமா?

வார்டு எண் ஏழு
கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஒரு நாள் பத்து மணி வரை அவள் வெளியே இருக்கிறாள். ஆய்வுக்குழுவோடு விருந்து, இரண்டு வாய் மதுவும் குடித்திருக்கிறாள். திரும்பும் வழியில் ஒருவன் காருக்குள் அத்துமீறுகிறான். உங்கள் விதியில் மூன்றை மீறியவள் அவள். உங்களுக்குப் போன் செய்வாளா?

செய்ய மாட்டாள். படிப்பு போய்விடும், ‘அப்போதே சொன்னேனே’ என்று கேட்க வேண்டியிருக்கும். அதனால் குளித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். அந்த 72 மணி நேரம் ஓடிவிடும். எங்கள் பிரிவுக்குத் தாமதமாக வருபவர்களிடம் ஏன் இவ்வளவு நாள் என்று நாங்கள் கேட்பதில்லை; ஆனால் பலர் தாங்களாகவே சொல்வது ‘வீட்டில் தெரிந்தால்’ என்பதுதான். குற்றவாளியைவிட வீட்டுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

நேரம் குறித்துப் பேசுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பேசத் தவறினால் முதலில் என்ன செய்வது, எத்தனை மணி நேரம் கழித்து யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அவள் சொல்லட்டும். தண்டனையை மட்டும் எடுத்துவிடுங்கள். எங்கே இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும், எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், பாதுகாப்பாக இருக்கிறாயா என்பதைத் தவிர. இதை வாய்விட்டு, அவள் கிளம்புமுன் சொல்லுங்கள்.

குறுக்குக்கேள்வி
இதற்கு எதிராகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நடைமேடை
நான் வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. செவிலி அம்மா எழுதிய காரணமேதான்.

கரைவழி
இரண்டு நாள் எழுத முடியவில்லை. தங்கையிடம் இழையைக் கொடுத்தேன். முழுவதையும் படித்தாள். மோதிர யோசனையைப் பார்த்துச் சிரித்தாள், மற்றவற்றுக்குச் சிரிக்கவில்லை. களப்பணிக்கு அழைத்துப்போகும் மேற்பார்வையாளர் அறை ஒதுக்கீட்டை எப்படிச் செய்வார், புகார் என்றால் அவருக்கு மேலே யாரிடம் போவது என்று பல்கலைக்கழகத்துக்கு அவளே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். எனக்குத் தோன்றவே இல்லை அது. ஒன்பது மணி விதியை எடுத்துவிட்டேன். ஒரு நாள்விட்டு ஒரு நாள் செய்தி அனுப்புவதாக ஒப்பந்தம். ‘அத்தைக்கு மருந்து வாங்கினாயா’ என்று அவள் கேட்டால் உடனே அழைத்துப் பேச்சை இழுக்க வேண்டும். எங்களுக்கு அத்தையே கிடையாது.

வாய்தா அவர்களுக்கு ஒரு கேள்வி. ஏதாவது நடந்தால் நான் தூதரகத்துக்குப் போன் செய்தால் உடனே இறங்கிவிடுவார்களா?

வாய்தா
தூதரகத்தால் செய்ய முடிந்தது: வழக்கறிஞர், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் பட்டியல் தருவது, கடவுச்சீட்டு தொலைந்திருந்தால் பயண ஆவணம் கொடுப்பது, குடும்பத்துக்குத் தகவல் சொல்வது. அவளையே காவலில் வைத்துவிட்டால், தன் தூதரகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். தூதரகத்தால் முடியாதது: குற்றத்தை விசாரிப்பது, உள்ளூர்க் காவல்துறைக்கு உத்தரவிடுவது, வழக்குச் செலவை ஏற்பது. காப்பீட்டில் என்ன அடங்கும், மது அருந்தியிருந்தால் கைவிரிப்பார்களா என்பதைப் பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அவள் வயது வந்தவள். அவள் சம்மதம் இல்லாமல் பல தூதரகங்கள் குடும்பத்தினரிடம் எதையும் சொல்ல மாட்டா. பயணப் பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பு என்று ஓர் இடம் இருக்கும். அங்கே யார் பெயரை எழுதுவது என்பது அவள் முடிவு. ஒரு தோழியின் பெயரை எழுதினால் வருத்தப்படாதீர்கள். அந்தத் தோழியின் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.